யாரோ நக்கிய படிகம்

பள்ளியில் அவளுக்கு ஒட்டு டீச்சர் என்று பெயர். வேதியியல் வகுப்பில் எந்தப் பொருளைக் கையில் எடுத்தாலும், "இதுல எது எதோட ஒட்டிக்கிட்டிருக்கு?" என்று கேட்டுவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். ஆண்டு விழாக் கண்காட்சிக்கு அவள் எடுத்துக்கொண்டதும் அதே சங்கதிதான். உப்புப் படிகம், குவார்ட்ஸ் கல், செம்புத் துண்டு, சர்க்கரைப் படிகம் என்று நான்கு திடப்பொருள்கள். நான்கும் நான்கு விதமாக ஒட்டிக்கொண்டிருப்பவை.

சர்க்கரைதான் தொல்லை கொடுத்தது. கெட்டிப் பாகில் நூலைத் தொங்கவிட்டு, குழந்தையைப் போலப் பார்த்துப் பார்த்து வளர்த்த படிகம், கட்டைவிரல் பருமன் வந்ததும் நாளுக்கு நாள் இளைக்க ஆரம்பித்தது. எறும்பு என்று நினைத்துக் கிண்ணத்தைத் தண்ணீர்த் தட்டில் வைத்தாள். அப்படியும் இளைத்தது. எடுத்துப் பார்த்தால் முனைகள் மழுங்கி, ஒரு பக்கம் வழவழவென்று இருந்தது.

"யாரோ நக்கியிருக்காங்க சார்," என்றாள் இயற்பியல் ஆசிரியரிடம். யார் வீட்டு விசேஷ இனிப்பு வந்தாலும் இரண்டு கையாலும் அள்ளுகிறவர் அவர்.

"அதுக்கு ஏன் டீச்சர் என் வாயையே பாக்குறீங்க?"

"சும்மாதான் சார்."

சும்மா இல்லை. அன்றே படிகாரத்தைக் கரைத்து, அதிலிருந்து இன்னொரு படிகம் வளர்க்கத் தொடங்கினாள். பார்வைக்கு அதுவும் கற்கண்டின் கூடப்பிறந்ததுதான். சவரம் செய்த முகத்தில் தேய்க்கிற சாமான். ஒரு நக்கு நக்கினால் ஆளுக்கு ஒன்றும் ஆகாது, வாய் மட்டும் சுருக்குப்பை போல இழுத்துக்கொள்ளும். அது வளர்ந்ததும் 'சர்க்கரை' என்று எழுதிய கிண்ணத்தில் வைத்துவிட்டு, அசலைத் தன் கைப்பைக்குள் பத்திரப்படுத்தினாள். விழா தொடங்குமுன் மாற்றிவிடலாம் என்பது திட்டம். நாற்காலி போடுவதிலும் மேசை துடைப்பதிலும் மாற்றுவது மட்டும் சுத்தமாக மறந்துபோனது.

விழாவுக்குச் சிறப்பு விருந்தினர் தலைமையாசிரியரின் மனைவி. ஊரில் கெட்டிக்காரப் பல் மருத்துவர். தலைமையாசிரியர் மைக்கைப் பிடித்தால் லேசில் விடுகிறவர் அல்ல. அன்று, "அனைவரும் வருக," என்றார். உதடு குவிந்தது. கன்னம் உள்ளே போனது. இரண்டு முறை எச்சில் விழுங்கிப் பார்த்துவிட்டு, "நன்றி," என்று உட்கார்ந்துவிட்டார். அரங்கத்தில் அப்படியொரு கைதட்டலை அவர் அதுவரை வாங்கியதில்லை.

ஒட்டு டீச்சர் அதைக் கவனிக்கவில்லை. அவள் கண்ணெல்லாம் இயற்பியல் ஆசிரியர் வாய்மேல் இருந்தது. அவரோ எதையோ ஆனந்தமாக மென்றுகொண்டிருந்தார்.

பிறகு எல்லோரும் ஆய்வகத்துக்கு வந்தார்கள். அவள் சுத்தியலால் உப்பைத் தட்டினாள், சில்லுச்சில்லாக உடைந்தது. செம்பைத் தட்டினாள், உடையாமல் தட்டையானது. குவார்ட்ஸால் கண்ணாடியில் கீறிக் காட்டினாள். "இதுல ஒவ்வொரு அணுவும் பக்கத்து அணுவைக் கெட்டியாப் பிடிச்சிருக்கு. மொத்தக் கல்லும் ஒரே குடும்பம்." உப்பு கரைந்த தண்ணீரில் கம்பிகளை விட்டதும் சின்ன விளக்கு எரிந்தது.

"உப்புல பிளஸ்ஸும் மைனஸும் ஒன்னையொன்னு இழுத்துக்கிட்டிருக்கு. தண்ணியில பிரிஞ்சு ஓடும், அதான் எரியுது. சர்க்கரையில அப்படி இல்ல. முழு முழு மூலக்கூறா லேசா கைகோத்து நிக்கும். கரைஞ்சாலும் மின்சாரத்தைக் கடத்தாது. பாருங்க, எரியாது."

கிண்ணத்துப் படிகத்தில் ஒரு துண்டை உடைத்துக் கரைத்துக் கம்பிகளை விட்டாள். விளக்கு ஜோராக எரிந்தது.

அப்போதுதான் கைப்பை ஞாபகம் வந்தது.

"எரியுதே டீச்சர்," என்றார் மருத்துவர்.

"இது சர்க்கரை இல்லம்மா. படிகாரம். இதுவும் உப்பு ஜாதிதான்."

"சர்க்கரைன்னு எழுதியிருக்கே?"

வேறு வழியில்லாமல், "யாரோ தினமும் வந்து நக்கிட்டுப் போறாங்கம்மா. ஆளைப் பிடிக்கிறதுக்காக நான்தான் மாத்தி வச்சேன்," என்றாள்.

மருத்துவர் மெல்லத் திரும்பினார். வீட்டில் சர்க்கரை டப்பாவுக்கே பூட்டுப் போட்டு வைத்திருப்பவர் அவர். கணவர் சுவரில் மாட்டியிருந்த தனிம அட்டவணையைப் படித்துக்கொண்டிருந்தார்.

"ஏங்க, கொஞ்சம் சிரிங்க பாக்கலாம்."

அவர் சிரிக்க முயன்றார். உதடு விரிய மறுத்தது. முதலில் சிரித்தது இயற்பியல் ஆசிரியர்தான். தன்னைச் சந்தேகப்பட்டதற்கு வட்டியும் முதலுமாகச் சிரித்தார்.

ஒட்டு டீச்சருக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. தலைமையாசிரியர் தன்னை எந்தக் காட்டுப் பள்ளிக்குத் தூக்கி அடிப்பாரோ என்ற பயம். மூன்றாம் நாள் தலைமையாசிரியரே ஆய்வகத்துக்கு வந்து, ஒரு புதுப் பூட்டை மேசைமேல் வைத்தார்.

"அலமாரிக்குப் போட்டுக்கோங்க டீச்சர். சாவி உங்ககிட்டயே இருக்கட்டும்," என்றார். வாசல்வரை போனவர் நின்று, "நான் கேட்டாக்கூட குடுத்துடாதீங்க," என்று சொல்லிவிட்டுப் போனார்.