மூக்குமாமாவும் புது சிலிண்டரும்

அந்த வீட்டில் கேஸ் கசிகிறதா என்று பார்க்க ஒரே கருவிதான் இருந்தது: மூக்குமாமாவின் மூக்கு. அடுத்த தெருவில் குழம்பு அடிபிடித்தாலும் எந்த வீடு என்று சொல்லிவிடுவார் என்று பேர். அவருடைய சொந்தப் பெயர் சொந்தக்காரர்களுக்கே மறந்து போயிருந்தது. அப்பேர்ப்பட்ட மோப்பம், போன காய்ச்சலோடு போயே போய்விட்டது. மூக்கு இப்போது கண்ணாடி மாட்டிக்கொள்ளத்தான் ஆகிறது. வீட்டில் இதைப் பற்றி அவர் மூச்சு விடவில்லை. பெயரையே மூக்கில் வைத்திருப்பவர் எந்த முகத்தோடு சொல்வார்?

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குப் பின்னால் கேஸ் அடுப்பில் இறைச்சி சுட ஏற்பாடு. பேத்திகள் அடுப்பைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். காலி சிலிண்டரைக் கழற்றிய மாமா, அடுப்பின் திருகுகளும் புது சிலிண்டரின் வால்வும் மூடியிருக்கின்றனவா என்று பார்த்துவிட்டு, குழாயைப் புது சிலிண்டரில் மாட்டி, அதன் முனையிலுள்ள மரையைக் கையாலேயே திருகி இறுக்கினார். அடுப்பு மூடியைத் தூக்கி வைத்து, வால்வை மெதுவாகத் திறந்தார். வழக்கம்போலக் குனிந்து மோந்தார். காற்று வேலிப்பக்கம் அடித்ததால் மற்றவர்களுக்கும் ஒன்றும் தெரியவில்லை. எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள்.

மகன் லைட்டரோடு வந்து, பற்ற வைக்கலாமா என்று கேட்டான். தலையாட்டிவிட்டால் மானம் தப்பும். பேத்திகள்? மாமா லைட்டரையும் பேத்திகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

அதற்குள் மருமகள் ஒரு கிண்ணத்தை நீட்டினாள்.

"மாமா, நீங்க கேட்ட சோப்புத் தண்ணி."

அவர் கேட்கவே இல்லை. போன வாரம் பால் தீய்ந்தபோது, அடுப்புக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்து அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்ததை இவள் பார்த்திருக்கிறாள். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

மரையில் சோப்புத் தண்ணீரைத் தடவியதும் குமிழ் குமிழாகப் பொங்கியது. மாமா சட்டென்று வால்வை மூடினார். மகன் பேத்திகளை உள்ளே விரட்டினான். கழற்றிப் பார்த்தால், கசியாமல் அடைக்க மரைக்குள் இருக்க வேண்டிய ரப்பர் வளையத்தைக் காணோம். பழைய சிலிண்டரின் வாயிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டிருந்தது. காற்றாட விட்டு, புது வளையம் போட்டு இறுக்கி, வால்வைத் திறந்து மறுபடி தடவினார். ஒரு குமிழும் வரவில்லை.

அப்பாவுக்கு எப்படித்தான் தெரிகிறதோ என்று மகன் மெச்ச, மருமகளும் ஆமாம் போட்டாள். உயிரைக் காப்பாற்றியதோடு மானத்தையும் சேர்த்துக் காப்பாற்றுகிறாளே இந்தப் பெண். அதை வாங்கி வைத்துக்கொண்டு சும்மா இருக்க மாமாவால் முடியவில்லை.

"நான் கேக்கலப்பா. காய்ச்சல் வந்ததுல இருந்து எனக்கு வாடையே தெரியறதில்ல. இவளாத்தான் கொண்டு வந்தா. இவ இல்லேன்னா இன்னைக்கு என்ன ஆகியிருக்குமோ. நல்லா இரும்மா."

மருமகள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தட்டுகளோடு நின்ற மாமாவின் மனைவி அவரையே பார்த்தாள்.

"அப்ப தினமும் சாப்பிட உக்காந்ததும், 'மணக்குது'ன்னு சொல்லுவீங்களே?"

"நீ சமைச்சா மணக்கும்னு எனக்குத் தெரியாதா?" என்றார் மாமா.