நீலம் பாய்ந்த விரல்

என் மகள் ருமானா கண்ணாடிக் குவியலின்மேல் விழுந்த அன்றுதான் அவளுக்குக் கேரம் ஃபைனல். சாயங்காலம் விருதுநகரில் மாவட்டப் போட்டி. பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை, பன்னிரண்டாம் வகுப்புக்காரிகளையெல்லாம் தோற்கடித்து அதுவரை வந்துவிட்டாள். அவளைவிட எனக்குத்தான் காலையிலிருந்து கால் தரையில் பாவவில்லை.

சிவகாசியில் எங்களுக்குக் கண்ணாடிக் கடை. வீட்டுக்காரர் ஜமால் முகம்மது முகம்பார்க்கும் கண்ணாடி வெட்டுவார், படங்களுக்குச் சட்டம் போடுவார். மிஞ்சுகிற துண்டுகளைச் சுவரோரம் குவித்து வைப்பார். அள்ளுங்க, அள்ளுங்க என்று நான் தொண்டை வறளக் கத்தினால், "லோடு சேரட்டும் சம்சாத்" என்பார். அந்த மனிதருக்கு எதற்கும் லோடு சேர வேண்டும்.

அன்று கடையிலேயே போர்டைப் போட்டுக் கடைசிப் பயிற்சி நடந்தது. காயின் வழுக்கி ஓடுவதற்காகப் போரிக் பவுடரைத் தாராளமாகத் தூவியிருந்தாள். பாதி போர்டில், பாதி மொசைக் தரையில். கடைசிக் காயின் குழியில் விழுந்ததும், "அம்மா, பாத்தியா!" என்று துள்ளி எழுந்தாள். கால் வழுக்கியது. வலது கையை ஊன்றியபடி நேரே குவியலின்மேல் போய் விழுந்தாள்.

அவள் அலறியது தெருக்கோடி வரை கேட்டிருக்கும். தீபாவளி சீசன் வேறு. அந்த மாதங்களில் எங்கள் ஊரில் யார் அலறினாலும் தீக்காயம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். பேனா இல்லாத வீடு எங்கள் தெருவில் உண்டு. தீக்காயத்தில் ஊற்ற இங்க் பாட்டில் இல்லாத வீடு கிடையாது. பட்டாசுக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிற எதிர்வீட்டு மாரித்தாய் பாட்டிலோடு பறந்து வந்தாள். நான் வாயைத் திறப்பதற்குள் மொத்தத்தையும் பிள்ளையின் கையில் கவிழ்த்துவிட்டாள்.

"அடியே, கண்ணாடி கிழிச்சிருக்குடி! தீயில்லடி!"

"அய்யய்யோ, சத்தங் கேட்டதும் கை தன்னால ஊத்திருச்சுக்கா!"

குழாயடியில் நீலம் மங்கும்வரை கழுவித் துண்டைச் சுற்றினோம். வீட்டுக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு ஆட்டோவில் ஏறினார். நானும் மாரித்தாயும் முண்டியடித்துப் பின்னால் ஏறினோம். வழி நெடுக மாரித்தாயைத் திட்டினேன், அலுத்ததும் வீட்டுக்காரரைத் திட்டினேன்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் துண்டைப் பிரித்தார். ஆட்காட்டி விரலின் அடியில் ஆழமான வெட்டு. ஸ்ட்ரைக்கரை அடிக்கிற விரல். கண்ணாடிச் சில்லுகளை ஒவ்வொன்றாக எடுத்தவருக்கு நகத்தைப் பார்த்ததும் முகம் மாறியது.

"மத்த விரலவிட இது கருநீலமா இருக்கே. ரத்தம் ஓடலையோ என்னமோ. அப்படின்னா உடனே மதுரைக்குக் கொண்டு போகணும். விரல் நிலைக்குமான்னு இப்பச் சொல்ல முடியாது."

யா அல்லாஹ் என்று பிள்ளையின் இடது கையை இறுகப் பிடித்துக்கொண்டேன்.

"டாக்டரய்யா, அது நான் ஊத்துன இங்க்குங்கய்யா!" என்று பின்னாலிருந்து கத்தினாள் மாரித்தாய்.

"இங்க்கா? தீக்காயத்துக்கே அத ஊத்தக் கூடாதும்மா!" டாக்டர் பஞ்சை ஸ்பிரிட்டில் முக்கினார். "துடைச்சாத்தான் தெரியும். அடியிலயும் நீலமா இருந்தா வண்டி ஏறிட வேண்டியதுதான்."

பஞ்சு பஞ்சாக நீலம் வந்தது. நாங்கள் மூன்று பேரும் மேசைமேலேயே கவிழ்ந்து கிடந்தோம், நர்ஸ் விலகச் சொல்லியும் விலகவில்லை. நகத்தின் ஓரம் வெளுத்தது. டாக்டர் நகத்தை அழுத்திப் பிடித்துப் பிறகு கையை எடுத்தார். ரோஜா நிறத்தில் ரத்தம் ஏறியது.

"வந்திருச்சு!" மாரித்தாய் வீட்டுக்காரரின் முதுகில் ஓங்கி ஓர் அறை வைத்தாள்.

"இருங்கம்மா. நரம்பு அறுந்திருந்தா விரல் அசையாது." மருந்துப் பாட்டில் மூடி ஒன்றை ருமானாவின் கைக்கு முன்னால் வைத்தார். "மெதுவா மடக்கிச் சுண்டு பார்ப்போம்."

அவள் பல்லைக் கடித்தாள். ஒற்றைக் கண்ணை மூடிக் குறி பார்த்தாள். மூடி விருட்டென்று பறந்து, எதிர்ச் சுவரில் மோதித் திரும்பி, மூலையிலிருந்த குப்பை வாளிக்குள் விழுந்தது. ஆஸ்பத்திரி என்றும் பாராமல் நான் கையைத் தட்டிக் கூவினேன்.

"நரம்பு நல்லாத்தான் இருக்கு. ஆனா தையல் போடணும். ரெண்டு மாசத்துக்குப் போர்டுப் பக்கம் போகக் கூடாது" என்றார் டாக்டர்.

அதுவரை அடக்கி வைத்திருந்த பிள்ளை அப்போதுதான் தேம்பி அழுதாள். "ஃபைனல்ல என்கூட மோத இருந்த பிள்ள ஆடாமலே ஜெயிச்சிருவாளேம்மா!"

"ஜெயிக்கட்டும்டி! ஒரு வருசம் கப்பைத் தொடச்சுப் பத்திரமா வச்சிருக்கட்டும். அடுத்த வருசம் போய் வாங்கிக்கிடுவோம்!"