மேடைக்கு வந்த தராசு

அக்கரப்பத்தனைப் பக்கத்தில் நாடகம் தயாரிக்கிறவர் என்றால் சூசைரட்ணம் ஒருவர்தான். வேறு யாருக்கும் அந்தக் கிறுக்குப் பிடிக்கவில்லை. அவர் போட்ட எதையும் சனம் கடைசிவரை பார்த்ததில்லை, பாதியிலேயே எழுந்து பஸ்ஸுக்குப் போய்விடும். மனைவி அந்தோனியம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்தெடுப்பவள். பொறுத்துப் பார்த்துவிட்டு ஒரே முடிவாகச் சொல்லிவிட்டாள்.

"இந்த வாட்டியும் நடுவுல ஆளு எந்திரிச்சா நாடகத்த விட்டுடணுங்க. மாதா மேல சத்தியம் பண்ணுங்க."

பண்ணினார். அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை.

புது நாடகம் தோட்டத்துக் காதல் கதை. கடைசியில் கதாநாயகனாக நடிக்கும் மிலான் சட்டையெல்லாம் ரத்தமாகச் சாக வேண்டும். முதல் காட்சி கொழுந்து நிறுக்கும் இடம். அதற்குத் தராசு கேட்கப் போனால், தோட்டத்தில் கொழுந்து நிறுத்துக் கணக்கெழுதும் கணக்கப்பிள்ளை யோகேஸ்வரன் அதை யாரையும் நம்பித் தருவதாக இல்லை, தானே வந்து கணக்கப்பிள்ளையாக நடிப்பதாகச் சொன்னார். உடுப்புத் தைக்கும் வேலையும் மிச்சம் என்று பூரித்துப்போனார் சூசைரட்ணம். வேலியில் போன ஓணானை வேட்டிக்குள் விட்டுக்கொண்டது அப்போது அவருக்குத் தெரியவில்லை.

தோட்டத்து மண்டபம் நிறைந்திருந்தது. கொழுந்துக்காரியாக நடித்த வீரம்மா சாக்கைத் தராசில் வைத்தாள். உள்ளே இருந்ததெல்லாம் பழைய பேப்பர்.

"தண்ணிக்கும் சாக்குக்கும் ரெண்டு கிலோ கழிச்சாச்சு. அடுத்த ஆளு" என்றார் கணக்கப்பிள்ளை.

நாடகத்தில் அப்படி ஒரு வசனமே இல்லை. தினமும் பெண்களின் கொழுந்தில் கழிக்கிற தொழில் பழக்கம், பேப்பருக்கும் தண்ணி கழித்துவிட்டார் மனிதர்.

நாடகப்படி வீரம்மா பெருமூச்சு விட்டு நகர வேண்டிய இடம். நகரவில்லை. "மழையே இல்லியே, தண்ணி எங்கேருந்துங்கய்யா வந்துச்சு?" என்றாள்.

முன்வரிசையில் ஓர் ஆள் எழுந்தது. சூசைரட்ணம் மாதாவைக் கூப்பிட்டார். எழுந்தவள் அந்தோனியம்மா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு மேடையேறினாள்.

"முள்ளு எங்க நிக்குதுன்னு எல்லாருக்கும் காட்டுங்கய்யா."

அவள் பின்னால் பெண்கள் திமுதிமுவென்று ஏறினார்கள். ஏற இடமில்லாதவர்கள் கீழிருந்தே நியாயம் கேட்டார்கள். வெளியே கடைசி பஸ் ஹோர்ன் அடித்துப் பார்த்துவிட்டுப் போய்விட்டது, ஒருவரும் திரும்பவில்லை.

திரைக்குப் பின்னாலிருந்து மிலான் எட்டிப் பார்த்தான். "அண்ணே, நான் எப்ப சாகுறது?"

"ஒனக்கு இன்னைக்கு சாவு இல்ல தம்பி. மொகத்தக் கழுவிட்டு வந்து பாரு" என்றார் சூசைரட்ணம்.

கடைசியில் கணக்கப்பிள்ளை கழித்த ரெண்டு கிலோவையும் திரும்பச் சேர்த்தார். விசிலும் கைதட்டலும் அடங்க வெகுநேரமானது. அவர் கும்பிட்டபடி நின்றார். சூசைரட்ணம் திரைக்குப் பின்னால் நின்று சந்தோஷத்தில் அழுதார்.

லயத்து வீட்டுக்கு நடக்கும்போதுதான் அவருக்குச் சத்தியம் நினைவு வந்தது.

"நடுவுல ஆளு எந்திரிச்சிருச்சே. அதுவும் மொதல்ல நீதான்."

அந்தோனியம்மா நடையை நிறுத்தவில்லை. "நான் வெளிய போகலியே. உள்ள தானே வந்தேன்."

கொஞ்ச தூரம் போனதும் அவளே சொன்னாள்.

"அடுத்த நாடகத்துல எனக்கு வசனம் எல்லாம் எழுதிக்கிட்டு இருக்காதீங்க. அந்தத் தராச மட்டும் வச்சிருங்க."