குறி போட்ட கொட்டகை

கொட்டகை முதலாளி வெய் ஒரே விருந்தில் புதிய விதிக்குச் சம்மதித்துவிட்டான் என்று கேள்விப்பட்டதிலிருந்து யான்பிங்குக்கு வயிறு எரிந்தது. மூன்று மழைக்காலமாக சீனாவின் இந்தச் சிச்சுவான் மலைப்பக்கம் பஸ் ஏறி வருகிறாள். அணை மின்சாரம் மலிவாகக் கிடைக்கும் நாட்களில் ஆற்றங்கரை முழுக்கக் கொட்டகைகளில் பிட்காயின் இயந்திரங்கள் இரைந்துகொண்டிருக்கும். அந்த இரைச்சலில் தொண்டை கிழியக் கத்தி, பிட்காயினின் புதிய விதிக்கு மாறுங்கள் என்று ஒவ்வொரு முதலாளியிடமும் கெஞ்சியிருக்கிறாள். பெங் இதே வேலைக்கு நேற்று வந்தவன். காரக் குழம்புச் சட்டியில் மாட்டு இரைப்பையைத் தோய்த்துத் தின்றான், நாலு ஜோக் சொன்னான், காரியம் முடிந்தது.

வாழ்த்துச் சொல்லத்தான் வந்திருப்பதாகச் சொல்லிக்கொண்டாள். ஆனால் சாப்பாட்டுக்கு முன்பே கொட்டகைக்குள் நுழைந்து சர்வரைப் பார்த்தாள். வெய்யின் இயந்திரங்கள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கோக்கும் பிளாக்குகளில், அதாவது பிட்காயின் கணக்கேட்டின் பக்கங்களில், சம்மதக் குறி விழுந்துகொண்டிருந்தது. இப்படிப் போதுமான பேர் குறி போட்டால் விதி அமலுக்கு வந்துவிடும். ஆனால் குறிக்குப் பின்னால் ஓடியது பழைய புரோகிராம். குறி போட்டதே போதும் என்று வெய் நினைத்துவிட்டான். விதி மாறிய பிறகு செல்லாத பிளாக் எது என்று அந்தப் புரோகிராமுக்குத் தெரியாது. அந்தச் செல்லாத பிளாக்கின்மேலேயே அடுத்ததைக் கட்டிக்கொண்டு போய், அத்தனை மின்சாரமும் வீணாகும். பெங் இதைப் பார்க்கவே இல்லை. பல மாதங்களுக்குப் பிறகு அவள் மனம் குளிர்ந்தது.

"வா தங்கச்சி! மூணு வருஷமா என் காதைத் தின்னியே, இப்ப சந்தோஷமா?" என்றான் சாப்பாட்டு மேசையிலிருந்த வெய்.

"அக்கா அரைச்சு வச்சதை நான் தாளிச்சேன், அவ்வளவுதான் அண்ணே," என்றான் அவன் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெங். அவன் உண்மையாகவே அப்படி நினைத்தான். அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை.

சொன்னால், பெங் சிரித்துக்கொண்டே விடிவதற்குள் சரிசெய்துவிடுவான், பெயரும் அவனுக்கே. சொல்லாவிட்டால் அவன் பெயர் நாறும். மூன்று வருடம் அவள் அலைந்த விதியும் கூடவே நாறும்.

வெய் மூவருக்கும் சாராயம் ஊற்றினான்.

"நாளைக்குக் கரையில இருக்கிற அத்தனை பேரையும் நான் செஞ்ச மாதிரியே செய்யச் சொல்லப்போறேன். ஆனா நீ சொன்னாத்தான் அவனுங்க நம்புவானுங்க, தங்கச்சி. இவன் நல்லாப் பேசுவான், கொட்டகைக்குள்ள ஒரு தடவைகூட வரல. நீதான் உள்ள போனியே, பாத்தியா? எல்லாம் சரிதானே?"

பெங் கிண்ணத்தை இரு கைகளாலும் ஏந்தி, மூத்தவளுக்கு மரியாதையாக அவள் கிண்ணத்துக்குக் கீழே தாழ்த்தினான். அவனிடம் மரியாதை வாங்கிக்கொள்ளவும் மனமில்லாமல் அவள் தன்னுடையதை அதற்கும் கீழே இறக்கினாள். அவன் இன்னும் தாழ்த்தினான். அவளும்.

"பாத்தேன்," என்றாள்.

வெய் காத்திருந்தான். இரண்டு கிண்ணங்களும் மேசைப் பலகையைத் தொட்டு நின்றன. அதற்குக் கீழே போக இடமில்லை.