மேனேஜர் தடுத்த ஊசி

வெல்டருக்குக் காய்ச்சல் விட்டதும் வீட்டில் எல்லோருக்கும் நிம்மதி. மறுநாளே அவன் மாடிப்படியில் பாதி ஏறியதும் கைப்பிடியைப் பிடித்தபடி உட்கார்ந்துவிட்டான். உதடு நீலம் பாய்ந்திருந்தது.

"ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்க" என்றாள் மனைவி. கார் சீட்டுகளுக்கு உறை தைப்பவள் அவள்.

"காய்ச்சலே விட்டாச்சு, இன்னும் என்ன ஆஸ்பத்திரி? வெறும் அசதிம்மா" என்றார் அவனுடைய அண்ணன். டயர் கடையில் வேலை. எந்தக் கம்பெனிக்கும் அவர் மேனேஜராக இருந்ததில்லை. ஆனால் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்திலிருந்து அடைத்துக்கொண்ட குழாய்வரை எல்லாவற்றிலும் தலையிடுவார் என்பதால் குடும்பத்தில் அவர் பெயரே மேனேஜர். தம்பி படுத்த நாளிலிருந்து எதிர்ப்பு சக்திக்கென்று டானிக்காக வாங்கிக் குவித்திருந்தார்.

அவள் வண்டியை வரவழைத்தாள்.

ஆஸ்பத்திரியில் ஆக்சிஜன் முகமூடியை மாட்டிவிட்டு, டாக்டரம்மா இவர்களிடம் வந்தார்.

"வைரஸ் இப்போ அடங்கிட்டு வருது. ஆனா அதை அடிக்கக் கிளம்பின அவரோட எதிர்ப்பு சக்தி அடங்கலை. நுரையீரலையே போட்டு அடிக்குது. உள்ளே அழற்சி, காத்து போற இடமெல்லாம் நீர் கோத்திருக்கு. அதைத் தணிக்க ஸ்டீராய்டு ஊசி போடணும். மூச்சு நல்லா இருந்தப்போ போட்டிருந்தா கெடுதல். இப்போ போடலைன்னாதான் கெடுதல்."

மேனேஜர் எழுந்துவிட்டார். "எதிர்ப்பு சக்தியை ஏத்தறதுக்கு நான் நாயா அலையறேன், நீங்க இறக்கணும்ங்கறீங்களா? வேண்டாம். யோசிச்சுச் சொல்றோம்."

டாக்டர் அவளைப் பார்த்தார்.

"அவளுக்கு என்ன தெரியும்? வீட்டுக்குப் பெரியவன் நான் சொல்றேன்."

கல்யாணமான நாளிலிருந்து மேனேஜர் பேச்சுக்கு மறுபேச்சு பேசி அவளுக்குப் பழக்கமில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தாள்.

தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று மேனேஜர் போன் போட்டுக்கொண்டே இருந்தார். வெயில் உச்சிக்கு வந்தது. ஆக்சிஜனைக் கூட்டினார்கள், பிறகு இன்னும் கூட்டினார்கள். அவள் கண்ணாடி வழியே பார்த்தாள். ஒவ்வொரு மூச்சுக்கும் கணவனின் கழுத்துக்குழி உள்வாங்கியது. ஏதோ சொல்ல வந்தான், ஒரு சொல்லுக்குக்கூட மூச்சு போதவில்லை.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது.

"மாமா, போனை வைங்க."

"இரும்மா, முக்கியமான ஆள் லைன்ல..."

"வைங்கன்னு சொன்னேன்!"

வராண்டாவே திரும்பிப் பார்த்தது. அவர் வைத்துவிட்டார்.

"உங்க தம்பி சக்தி இல்லாம கிடக்கலை. அந்தச் சக்தி தலைகால் தெரியாம ஆடறதாலதான் கிடக்கறார். டாக்டர் புரியற மாதிரிதானே சொன்னாங்க? உங்க கௌரவத்துக்கு என் புருஷன் மூச்சா கெடைச்சுது?"

"நான் பெரியவன்ங்கற மரியாதைகூட..."

"பெரியவரா இருந்தா வாயை மூடிட்டு உக்காருங்க!"

நேராக நர்ஸிடம் போனாள். "ஊசி போடுங்க. நான் அவர் பொண்டாட்டி. நான் சொல்றேன்."

ஊசி போட்டதும் எழுந்து உட்கார்ந்துவிடவில்லை அவன். மறுநாளும் இழுபறிதான். அப்புறம் மெல்ல மெல்ல ஆக்சிஜனைக் குறைத்தார்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னார், "நுரையீரல்ல தழும்பு இருக்கு. ஆற நாளாகும். முழுசா ஆறுமான்னு இப்போ சொல்ல முடியாது."

"அன்னிக்குக் காலையிலேயே போட்டிருந்தா?"

"தெரியலைம்மா. பொய் சொல்ல விரும்பலை."

அந்தத் 'தெரியலை'தான் அவளுக்கு ஆறவில்லை. யார்மேல் என்று உறுதியாகப் பழி போடக்கூட வழியில்லாத கோபம்.

ஒரு வாரம் கழித்து, தலையணைகளில் சாய்ந்திருந்த கணவன் மெதுவாக ஆரம்பித்தான். "அண்ணனை அத்தனை பேர் முன்னாடி அப்படிப் பேசியிருக்க வேண்டாம். மனுஷன் நொந்துபோயிட்டார். ஒரு வார்த்தை மன்னிப்பு கேட்டுடேன்."

அவள் மடித்துக்கொண்டிருந்த துணியைக் கீழே வைத்தாள்.

"இவ்வளவு பேச்சையும் மூச்சு வாங்காம பேசினீங்க இல்ல? அதுக்காகத்தான் அன்னிக்கு நான் பேசினேன். மன்னிப்பெல்லாம் கேக்க மாட்டேன்."

அவன் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தான். அவள் கதவை அறைந்து சாத்திவிட்டு வேலைக்குக் கிளம்பினாள்.