பெரியவளின் பெட்டிக்கு ஒரு கோப்புறை

ஒலிச் சாதனங்களுக்கான டிரைவர்களைக் கெர்னலின் ஒரு கோப்புறையிலிருந்து எடுத்து இன்னொன்றில் வைத்த அன்று காலை, ஊரிலிருந்த ஒலிபெருக்கிகள் எல்லாம் மேசையை விட்டு இறங்கி ஜன்னலோரம் போய் நின்றுகொண்டன. கணினியின் அடிவயிற்றில் உட்கார்ந்து எல்லாவற்றையும் ஆட்டுவிக்கும் நிரல்தான் கெர்னல். அதற்கும் வெளியே இருக்கும் சாதனத்துக்கும் நடுவில் பேச்சு நடத்துவது டிரைவர். டிரைவரின் கோப்பு எங்கே போகிறதோ அங்கே சாதனமும் போகும் என்பது சீக்கிரமே பழகிவிட்டது. புதிய பதிப்பு வெளியாகும் நாளில் குழந்தைகளை வழியில் உட்காரவைக்காதீர்கள் என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள், அவ்வளவுதான். கேமராக்களுக்கென்று புதுக் கோப்புறை திறந்தபோது வீடுதோறும் சுவரில் ஒரு மாடம் முளைத்தது. மிச்சமிருந்த இடத்தில் சாவிக்கொத்து வைத்துக்கொண்டார்கள்.

இந்த அடுக்கலை ஆரம்பித்தவர் கெர்னலைப் பராமரிக்கும் குழுவின் தலைவர். அவருக்குத் துடைப்பம் என்று பட்டம் வைத்தது அவருடைய குழுவேதான். அது அவருக்கும் தெரியும், உள்ளூரக் கொஞ்சம் பெருமையும் உண்டு. எதிலும் சேராத டிரைவர்கள் பல வருடங்களாக ‘இதர’ என்ற கோப்புறையில் முட்டிமோதிக்கொண்டு கிடந்தன. அடுத்த பதிப்புக்குள் அது காலியாக வேண்டும், பொறுப்பாளர் இல்லாதவை அழிக்கப்படும் என்றார். முதலில் ஒரு பழைய ஸ்கேனரின் டிரைவர் போயிற்று. அதை வைத்திருந்த நூலகத்தின் மேசையில் தூசி படியாத ஒரு சதுரம் மட்டும் மிஞ்சியது.

அந்தச் சதுரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் குழுவிலிருந்த சின்னவள் ‘இதர’வின் பட்டியலைத் திறந்து வரிவரியாகப் பார்த்தாள். அவளுடைய அக்கா பெரியவள் தையற்கடை வைத்திருந்தாள். தொண்டையில் அறுவை சிகிச்சை நடந்து குரல் போனபின், விசைப்பலகையில் தட்டியதைப் பேசிக்காட்டும் ஒரு பெட்டிதான் அவளுக்கு வாய். அதன் டிரைவர் ‘இதர’வில்தான் கிடந்தது. செய்த கம்பெனி மூடிப் போயிருந்தது. பெட்டியின் குரல் சளி பிடித்த வாத்தின் குரல். வந்த திட்டுகள் மட்டும் பெரியவளுடையவை. புதுப் பெட்டிகளும் வாங்கிப் பார்த்தார்கள். அவை தேனாய் ஒழுகின. ‘வாடி’ என்று தட்டினால் ‘வருக, சகோதரி’ என்றன. பெரியவள் அவற்றை வந்த வழியே அனுப்பிவிட்டாள்.

சின்னவள் பொறுப்பாளர் இடத்தில் தன் பெயரைப் போட்டுக்கொண்டு துடைப்பத்தின் முன்னால் போய் நின்றாள்.

“இதை எத்தனை பேரும்மா உபயோகிக்கிறாங்க?”

“ஒருத்தி, சார்.”

“ஒருத்திக்காக ஒரு டிரைவரா?”

“அவ பேசி நீங்க கேட்டதில்ல. ஒரு கூட்டமே பேசுதுன்னு நினைப்பீங்க.”

சொந்தக் கதையைக் கெர்னலுக்குள் கொண்டுவராதே என்று சொல்லி அவர் அழித்துவிட்டார். அந்த நேரம் பெரியவள் ஒருவருக்குச் சட்டையின் குறையை விளக்கிக்கொண்டிருந்தாள். “இந்தத் தோளுக்கு இந்தக் கையை வெச்சா” என்றதோடு பெட்டி இல்லாமல் போயிற்று. அவள் கத்தரிக்கோலால் மேசையைத் தட்டினாள். வந்தவருக்கும் முழுக்கத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்ததால் அவர் எழுந்து போகவில்லை.

சின்னவள் டிரைவரின் கோப்பை மீட்டாள். அதை எங்கே வைப்பது? ஒலிக் குழு தங்களுடையதல்ல என்றது. விசைப்பலகைக் குழுவும் கையை விரித்தது. அவள் ‘குரல்’ என்று புதிதாக ஒரு கோப்புறை திறந்து, ஓர் எழுத்தைக்கூடத் தொடாமல், அந்த ஒரே கோப்பை அதில் வைத்தாள். தையற்கடையின் பின்சுவருக்கு அப்பால், அதுவரை பக்கத்துக் கட்டடத்தின் கழிவுநீர்க் குழாய் மட்டும் இருந்த இடத்தில், ஜன்னலோடு ஓர் அறை முளைத்தது. உள்ளே பெட்டி சூடாக இருந்தது. “பூசணிக்காய்க்கு உறை தெச்ச மாதிரி இருக்கும்” என்று விட்ட வாக்கியத்தை முடித்தது. காத்திருந்தவர் ஒப்புக்கொண்டார்.

சாதனத்தை ஓட்டிப் பார்த்தவர் யார், கண்டது என்ன என்ற குறிப்போடு வரும் மாற்றத்தைக் கெர்னலில் சேர்த்தே ஆக வேண்டும். சேர்ந்த குறிப்பை எந்தக் கொம்பனாலும் எடுக்க முடியாது. இந்த விதியை எழுதியவரே துடைப்பம்தான். சின்னவள் எழுதினாள்: ஓட்டிப் பார்த்தவர், பெரியவள். கண்டது, பெட்டி பேசுகிறது. பேசியது, “எங்க வீட்லயும் ஒரு துடைப்பம் இருக்கு. எதைப் பெருக்கணும் எதைப் பெருக்கக் கூடாதுன்னு அதுக்குத் தெரியும்.”

அவரும் விடவில்லை. ஒருத்திக்காக ஒரு கோப்புறை கூடாது என்று ஒவ்வொரு பதிப்பின் காலையிலும் அழித்தார். மத்தியானத்துக்குள் சின்னவள் புதுத் திட்டோடு மீட்டாள். வருடங்கள் போயின, துடைப்பத்துக்குத் தலை நரைத்தது, கெர்னலின் வரலாற்றைப் படிக்க வருகிறவர்கள் முதலில் பெரியவளின் திட்டுகளைத் தேடிப் படித்தார்கள். வெளிச்சம் நன்றாக இருக்கிறதென்று பெரியவள் தையல் இயந்திரத்தையும் அந்த அறைக்கே மாற்றிக்கொண்டிருந்தாள். அதனால் பதிப்பு நாட்களில் இயந்திரமும் பாதி வெட்டிய துணியும் அவளும் தெருவில் இருப்பார்கள். மடக்கு நாற்காலி போட்டுப் பித்தான் தைப்பாள்.

போன பதிப்பன்று துடைப்பத்தின் மனைவி துணி வாங்க வந்திருந்தாள். பதிப்புத் தேதியைக் கணவரிடம் கேட்டுக்கொண்டு வர மறந்துவிட்டாளாம். “உங்க வீட்டுக்காரர்கிட்ட நான் சொன்னதாச் சொல்லுங்க” என்று பெட்டி ஆரம்பித்தபோது அறை போய்விட்டது. வந்தவள் இன்னொரு நாற்காலியை விரித்து உட்கார்ந்து பித்தான்களை நிறம் பிரித்துக் கொடுத்தாள். மத்தியானம் சுவருக்குப் பின்னால் அறை முளைத்தது. இருவரும் இயந்திரத்தை ஆளுக்கொரு பக்கம் பிடித்து உள்ளே தூக்கி வைத்தார்கள். பெரியவள் உட்கார்ந்து, விரல்களைச் சொடுக்கெடுத்துக்கொண்டு, தட்டினாள்.

“எங்க விட்டேன்?” என்றது பெட்டி.