நாற்பதாவது கொக்கி

டாரபீ நீர்வண்ண ஓவியர் கழகத்துக்கு ஒரு தலைவர், இரண்டு துணைத்தலைவர்கள், செயலாளர், பொருளாளர், படம் மாட்டும் குழு, தேநீர்க் குழு, விதிகளைத் திருத்தும் துணைக்குழு என்று எல்லாம் இருந்தன. உறுப்பினர்கள் இருபத்தொரு பேர். பதவி எதுவும் இல்லாமல் வெறுமனே படம் மட்டும் வரைகிற ஆட்கள் என்று தேடினால் இரண்டு பேர்தான் தேறுவார்கள். ஒருத்தி ஐலீன் ட்ரெகியர். இன்னொருத்தி அவளுடைய சிநேகிதி டாட்டி. டாட்டியும் ஒரு காலத்தில் தேநீர்க் குழுவில் இருந்தவள்தான், வாய்க்கொழுப்புக்காக நீக்கப்பட்டாள்.

வியாழக்கிழமைதோறும் கழகம் இயற்கையைத் தேடிப் புறப்படும். புறப்பட்டு ஏரிக்கரைப் படகுத்துறைக்குப் போய்ச் சேரும். அந்த வட்டாரத்தில் மலை உண்டு, அருவி உண்டு, காட்டுத்தீயில் கருகி மறுபடி துளிர்த்த யூகலிப்டஸ் காடும் உண்டு. ஆனால் சுத்தமான கழிப்பறையும் நிழலும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது படகுத்துறையில் மட்டும்தான். ஆகவே விடியலில் படகுத்துறை, மாலையில் படகுத்துறை, மூடுபனியில் படகுத்துறை, கூழைக்கடாவுடன் படகுத்துறை, கூழைக்கடா பறந்துபோன பிறகு படகுத்துறை என்று கலை வளர்ந்தது. தலைவர் க்ளைவ் பாட்ஸ்வொர்த் இதற்கு 'டாரபீ மரபு' என்று பெயர் வைத்திருந்தார். அவர் ஓய்வுபெற்ற உர வியாபாரி. எதையும் மூட்டையாகப் பார்த்துப் பழகியவர்.

முப்பத்து மூன்றாம் ஆண்டுக் கண்காட்சிக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவர் ஐலீன் வீட்டுக் கதவைத் தட்டினார். ஊர்க் கவுன்சில், மண்டபத்தை இலவசமாகத் தருவதற்கு ஒரு நிபந்தனை வைத்திருந்தது: சுவரில் குறைந்தது நாற்பது படம் இருக்க வேண்டும். வந்து சேர்ந்தவை முப்பத்தொன்பது.

"நான் பதினோரு மாசமா தூரிகையையே தொடலை, க்ளைவ்" என்றாள் ஐலீன். பதினோரு மாதத்துக்கு முன்புதான் அவள் கணவர் மெர்வ் இறந்திருந்தார்.

க்ளைவின் கண் அதற்குள் ரொட்டிப் பெட்டியின் மேல் சாய்த்து வைத்திருந்த படத்துக்குப் போய்விட்டது.

"இது இருக்கே. அருமையா இருக்கே."

"அது வேண்டாம். அது மெர்வ்."

அது மெர்வ்தான். சமையலறை ஜன்னலோரம் நாற்காலியில், நீலக் கம்பளிச் சட்டையில், மூக்கில் பிராணவாயுக் குழாயோடு, வாய் கொஞ்சம் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கடைசிச் செவ்வாய்க்கிழமை அரை மணி நேரத்தில் வரைந்தது. வெள்ளிக்கிழமை போய்விட்டார். ஐம்பது வருஷமும் புகைப்படக் கருவியைக் கண்டால் கொட்டகைக்குள் புகுந்துகொண்ட மனிதர் அவர். கல்யாணப் படத்தில்கூட அவருடைய பின்னந்தலைதான் விழுந்திருக்கிறது. வீட்டில் அவர் முகம் இருந்தது இரண்டே இடத்தில்: தேடப்படும் குற்றவாளி மாதிரி முறைக்கிற ஓட்டுநர் உரிமத்திலும், இந்தப் படத்திலும்.

"மெர்வை எனக்குத் தெரியாதா? நல்ல மனுஷன். உதவின்னா முதல் ஆளா வருவாரு" என்றார் க்ளைவ். "நாற்பதுக்கு ஒண்ணு குறைஞ்சாலும் மண்டபம் கிடையாது. முப்பத்திரண்டு வருஷ மரபு உங்க ஒருத்தரால நின்னுச்சுன்னு ஆகக்கூடாது பாருங்க."

"நீங்களே இன்னொண்ணு வரைஞ்சு மாட்டுங்களேன்."

"ஏற்கெனவே ஏழு மாட்டறேன். எட்டுன்னா தற்பெருமைன்னு பேசுவாங்க."

ஐலீன் யோசித்தாள். கண்காட்சி மூன்றே நாள். நாலாம் நாள் திரும்ப வந்துவிடும். "சரி. ஆனா 'விற்பனைக்கு இல்லை'ன்னு எழுதிடறேன்."

"விதி பதினாலு, அம்மணி. விலை போடாத படம் பார்க்க வர்றவங்களை அவமதிக்கிற படம். அப்படி நான் சொல்லலை, விதி சொல்லுது." அந்த விதியை எழுதியவர் அவர்தான்.

சாயங்காலம் டாட்டி வந்தாள். விஷயத்தைக் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"இதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வச்சிருக்கியாக்கும். யானை விலை போடுடி. எங்க பூனைப் படம் நாலு வருஷமா ஆறாயிரம் டாலர். எவன் தொட்டான்? அது உசுரோட இருந்தப்ப சும்மா குடுத்தேன், அப்பவே எவனும் வாங்கலை."

கழகத்தில் எல்லோரும் செய்கிற வேலைதான் அது. பேரனைக் கொடுக்க மனமில்லாதவர்கள் பேரனுக்கு ஐயாயிரம் போட்டார்கள். ஐலீன் சீட்டில் ஒன்பதாயிரத்து ஐந்நூறு என்று எழுதினாள். எழுதும்போது கை கூசியது. மெர்வ் ஓட்டிய பால் லாரி கடைசியில் அதில் பாதிக்குத்தான் போனது.

சீட்டின் பின்புறம் விதி இருபத்திரண்டு இருந்தது: மாட்டப்படும் படம் எல்லாமே கவுன்சில் பரிசுக்குரியவை, முதல் பரிசு பெறும் படம் பரிசுத் தொகைக்கே கவுன்சிலுக்குச் சொந்தம். அது ஐலீனுக்குத் தெரியாதது அல்ல. பத்தொன்பது வருஷமாக அதன் அடியில் கையெழுத்துப் போட்டவள். க்ளைவின் படகுத்துறைக்கோ துணைத்தலைவரின் படகுத்துறைக்கோ போகிற பரிசைப் பற்றி அவள் கவலைப்பட்டதே இல்லை. தன் படத்துக்கு முன்னால் யாராவது நின்றதாகவே அவளுக்கு ஞாபகம் கிடையாது. ஒரு தடவை ஒருத்தர் நின்றார், அவர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருந்தார்.

மெர்வுக்குக் கிடைத்தது நாற்பதாவது கொக்கி. சமையலறைக் கதவுக்கும் தீயணைப்புக் குப்பிக்கும் நடுவில்.

நடுவர் ஜூலியன் ஃபெயர்ஹோம் மெல்பர்னிலிருந்து வந்தார். நவம்பர் வெயிலில் கழுத்தைச் சுற்றிப் பட்டுத்துணி. முதல் சுவரில் பதினாறு படகுத்துறைகளைப் பார்த்தார். இரண்டாம் சுவரில் திரும்பியதும் அங்கேயும் படகுத்துறை இருக்கக் கண்டு, யாரோ தன்னைச் சுற்றிக் கூட்டிவந்து அதே இடத்தில் விட்டுவிட்டார்களோ என்று பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு படங்களை விட்டுவிட்டு விலைப்பட்டியலைப் படிக்க ஆரம்பித்தார். நூற்று நாற்பது, நூற்று அறுபது, நூற்று நாற்பது, பூனை ஆறாயிரம். பூனையைப் போய்ப் பார்த்தார், பார்த்ததும் வந்துவிட்டார். ஒன்பதாயிரத்து ஐந்நூறு. சமையலறைப் பக்கம் நடந்தார். நின்றார். இரண்டடி பின்னால் வந்தார். கழுத்துத் துணியைத் தளர்த்தினார்.

ஸ்கோன் ரொட்டித் தட்டோடு தேநீர் வரிசையில் நின்ற டாட்டி, ஐலீனின் முழங்கையை இடித்தாள்.

"ஏ, அந்தாளு உன்னோடதுகிட்ட நிக்கறான்."

"சமையலறைக்கு வழி கேக்கறாரோ என்னமோ."

"வழி கேக்கறவன் கண்ணாடியக் கழட்டித் துடைப்பானா?"

நாலு மணிக்கு ஒலிபெருக்கி கரகரத்தது. ஃபெயர்ஹோம் நீளமாகப் பேசினார். பாதுகாப்பான கலை, பயந்த கலை, கழிப்பறைக்குப் பக்கத்திலேயே இருக்கும் கலை. கடைசியாகச் சொன்னது உவமை என்றே அவர் நினைத்திருந்தார். கூட்டம் ஏனோ தலைவரைப் பார்த்தது. "இந்த மண்டபத்துல ஒரே ஒருத்தருக்குத்தான் தன்னோட மதிப்பு என்னன்னு தெரிஞ்சிருக்கு" என்றார். "அந்த இடது கையைப் பாருங்க. வரையலை. வெறும் வெள்ளைத்தாள். மரணத்துக்கு முன்னால தூரிகை மண்டிபோட மறுக்கிற துணிச்சல் அது."

அன்று வரைந்துகொண்டே இடது கைக்கு வந்தபோது மெர்வ் விழித்துக்கொண்டு, குப்பைத் தொட்டியை வெளியே வைத்தாயிற்றா என்று கேட்டார். ஐலீன் வைக்கப் போனாள். அவ்வளவுதான் துணிச்சல்.

பெயரைச் சொன்னார்கள். கைதட்டினார்கள். மேயர் உறையை நீட்டினார். ஐலீன் ஒலிபெருக்கிக்கு அருகில் போய், "எனக்கு இது வேண்டாம்" என்றாள்.

மண்டபம் முழுதும் ஒரு மெல்லிய, கனிந்த சிரிப்பு.

"நிஜமாத்தான். பரிசு வேண்டாம். படத்தைக் குடுத்துடுங்க. பரிசை வேற யாருக்காவது குடுங்க. க்ளைவுக்குக் குடுங்க, அவருக்குப் பழக்கம்."

இன்னும் பெரிய கைதட்டல். உள்ளூர்ப் பத்திரிகைக்காரி படம் எடுத்தாள். "உண்மையான கலைஞர்கள் இப்படித்தான்" என்று ஃபெயர்ஹோம் மேயரின் காதில் சொன்னது ஒலிபெருக்கி வழியே எல்லோர் காதிலும் விழுந்தது.

கீழே இறங்கியதும் டாட்டி, "கழட்டு. என் கூடையில போடு. மேல ஸ்கோனைப் பரப்பிடறேன்" என்றாள். ஐலீன் சமையலறைப் பக்கம் திரும்பினாள். அங்கே போக முடியவில்லை. பத்தொன்பது வருஷத்தில் முதல் தடவையாக அவள் படத்துக்கு முன்னால் கூட்டம் நின்றது.

"பாவம், யாரும் இல்லாத கிழவர் போல" என்றாள் பூப்போட்ட சட்டைக்காரி ஒருத்தி.

"விலையைப் பாரு, விலையைப் பாரு" என்றார் அவள் கணவர்.

கவுன்சிலின் கலைச் சேகரிப்பு அலுவலர் அதற்குள் படத்தைத் திருப்பி, பின்னால் ஓர் எண்ணை ஒட்டியிருந்தாள்.

க்ளைவ் இரண்டு நாள் ஐலீனோடு பேசவில்லை. மூன்றாம் நாள் அவள் போய்க் கேட்டபோது தோட்டத்தில் நின்றபடியே பதில் சொன்னார். "தோத்தவங்க விலகிக்க மூணு விதி இருக்கு, ஐலீன். ஜெயிச்சவங்க விலகறதுக்கு ஒண்ணும் எழுதலை. அப்படி ஒரு ஆள் வருவாங்கன்னு துணைக்குழு நினைச்சுப் பார்க்கலை."

"நீங்க ஒரு கடுதாசி குடுத்தா—"

"நான் குடுத்தா பொறாமைம்பாங்க."

கவுன்சில் அலுவலகத்தில் அந்தச் சேகரிப்பு அலுவலர், ப்ரையனி கெசல், நல்ல பெண்ணாக இருந்தாள். நாற்காலி போட்டாள், தேநீர் கொடுத்தாள், முழுக்கக் கேட்டாள். கண்கூடக் கலங்கியது. அதனால்தான் ஐலீனுக்கு நம்பிக்கை போயிற்று. முடியும் என்றால் அவள் ஏன் கலங்க வேண்டும்?

"பரிசுப் பணம் ஐந்நூறு. அதைத் திருப்பி வாங்கிட்டுப் படத்தைக் குடுக்கலாம்னா, படத்தோட மதிப்பு ஒன்பதாயிரத்து ஐந்நூறுன்னு இருக்கு, ஐலீன். ஊர்ச் சொத்தை அப்படி விட்டுக் குடுக்க முடியாது. அதுவும் வரைஞ்சவங்களுக்கே குடுத்தா கேள்வி வரும்."

"அந்த மதிப்பு பொய்ம்மா. யாரும் வாங்கக்கூடாதுன்னு நானா போட்டது."

ப்ரையனி பேனாவைக் கீழே வைத்தாள். "அப்படிச் சொல்லாதீங்க. எழுத்துல வந்துச்சுன்னா பொய் மதிப்பு போட்டுப் பரிசு வாங்கினதா ஆகும். விசாரணைன்னு வரும். படம் சாட்சியமா உள்ள போயிடும். இப்பவாவது அது அலமாரியில இருக்கு."

"அலமாரியிலயா? சுவர்ல மாட்டலையா?"

"நீர்வண்ணம் வெளிச்சத்துல வெளுத்துடும். மூணு வருஷத்துக்கு ஆறு வாரம்தான் வெளிய வைக்கலாம். அதுவும் அதிக மதிப்புள்ளதை இன்னும் ஜாக்கிரதையா வைக்கணும்னு இருக்கு." சொல்லும்போதே அவள் குரல் இறங்கிவிட்டது.

ஐலீன் வீட்டுக்கு வந்து, ஜன்னலோர நாற்காலியைப் போட்டு, காகிதத்தை நனைத்து, இன்னொன்று வரையப் பார்த்தாள். நாற்காலி நன்றாக வந்தது. ஜன்னலும் வந்தது. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒவ்வொரு தடவையும் ஓட்டுநர் உரிமம் வந்து முறைத்தது. பதினான்கு தாள் பாழானது. பதினைந்தாவதை நனைக்கவே இல்லை.

கழகம் மட்டும் பாடம் கற்றுக்கொண்டது. அடுத்த கண்காட்சியில் படகுத்துறைகள் பன்னிரண்டாயிரத்துக்குக் குறைந்து ஒன்றும் இல்லை. பதினொரு படங்களில் யாரோ ஒரு கிழவர் நாற்காலியில் தூங்கினார்; கணவர்களைப் பிடித்து உட்காரவைத்து, வாயைத் திற என்று சொல்லி வரைந்திருந்தார்கள். எல்லோருக்கும் இடது கை மட்டும் வெள்ளையாக இருந்தது. வந்த நடுவர் வேறு ஆள். கண்ணாடிக் குவளையில் ரோஜாவுக்குப் பரிசு கொடுத்துவிட்டுப் போனார். இதையெல்லாம் டாட்டிதான் வந்து சொன்னாள். ஐலீன் சந்தா கட்டுவதை நிறுத்தியிருந்தாள்.

சேகரிப்பைப் பார்க்கப் பொதுமக்களுக்கு மாதத்தின் முதல் புதன் ஒதுக்கப்பட்டிருந்தது. ஆளுக்கு இருபது நிமிடம். நீலச் சட்டை போட்டுக்கொண்டு ஐலீன் போனபோது ப்ரையனி ஒரு படிவத்தை மேசைமேல் தள்ளினாள்.

"காரணம்னு கட்டம் இருக்கு பாருங்க. ஆராய்ச்சி, கல்வி, காப்பீடு, மற்றவை. 'மற்றவை'ன்னு போட்டா மேலிடத்துக்குப் போகும், ஆறு வாரம் ஆகும். ஆராய்ச்சின்னு போட்டுடுங்க."

ஐலீன் ஆராய்ச்சியில் குறி போட்டாள். அடுத்த வரியில், எந்தப் படம் என்று கேட்டிருந்தது. மெர்வ் என்று எழுதினாள்.

ப்ரையனி கணினியில் அடித்துப் பார்த்தாள். "அப்படி ஒண்ணு வரலையே, ஐலீன். எங்க பட்டியல்ல 'முதியவர், ஓய்வில்'னு இருக்கு. அதே மாதிரி இருந்தாதான் அலமாரி திறக்கும்."

"அவருக்கு ஒரு பேர் இருக்கு."

"தெரியும். தலைப்பை மாத்த ஒரு மனு இருக்கு. வரைஞ்சவங்க குடுக்க முடியாது, உரிமையாளர்தான் குடுக்கணும்."

"உரிமையாளர் யாரு?"

"நாங்கதான்."

ஐலீன் பேரை அடித்துவிட்டு, முதியவர், ஓய்வில் என்று எழுதினாள். ப்ரையனி சாவியோடு உள்ளே போனாள். போகும்போது, மன்னித்துக்கொள்ளுங்கள் என்பது போல அவள் தோளைத் தொட்டாள். திரும்பி வந்து, அகலமான மெல்லிய பெட்டியை மேசைமேல் வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துப் படிவத்தில் நேரம் குறித்தாள். பெட்டியைத் திறப்பதற்கு முன் போட்டுக்கொள்ளச் சொல்லி வெள்ளைப் பருத்திக் கையுறைகளைக் கொடுத்தாள்.

மூட்டுவலி பிடித்த விரல்கள். முதல் ஐந்து நிமிடம் கையுறை மாட்டுவதிலேயே போயிற்று.